ஒரு கட்டில் போடுகிற இடம்

வாசிப்புக் கண்ணாடி வாங்கிவிட்ட, படியேறும்போது கை தானாகக் கம்பியைத் தேடுகிற என் வயதுக்காரர்களுக்குச் சொல்கிறேன். உங்களில் பாதிப் பேர் இப்போது அபார்ட்மெண்டில்தான் இருப்பீர்கள். நானும் அப்படித்தான். எதிர்வீட்டில் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால் வாசலில் கிடக்கிற செருப்பைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். போன வாரம் எங்கள் கட்டடத்தில் கார் நிறுத்துகிற வெள்ளைக் கோட்டுக்காக இரண்டு பேர் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சத்தம் போட்டார்கள். மற்றவர்கள் பால்கனியில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நான் நான்காம் வகுப்புப் படித்தபோது வந்த கோடை அப்போது ஞாபகத்துக்கு வந்தது.

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகிற ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, புளிய மரங்களைத் தாண்டி உள்ளே நடந்தால் எங்கள் தெரு வரும். தெருவின் கடைசிக்கு முந்தின வீடு எங்களுடையது. கடைசி வீடு அத்தை வீடு. அத்தை என்றால் அப்பாவோடு கூடப்பிறந்தவர் இல்லை. அவர்கள் வேதக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். நாங்கள் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறவர்கள். ஆனாலும் அம்மாவும் அத்தையும் ஒருத்தரை ஒருத்தர் மதினி என்றுதான் கூப்பிடுவார்கள். அத்தையின் புருஷன் எனக்கு மாமா. டவுனில் நூல் மில்லில் ஷிப்ட் வேலை, வீட்டில் இருந்தால் தூக்கம். மாமாவின் அப்பா பக்கவாதத்தில் விழுந்தவர். பேச்சும் போய்விட்டது. கொல்லையில் வேம்படியில் கயிற்றுக் கட்டில் போட்டு அவரைப் படுக்க வைத்திருப்பார்கள். கண் மட்டும் எங்கள் பின்னாலேயே வரும். அத்தைக்குக் குழந்தை கிடையாது.

என் அப்பா வடக்கே ஒரு முறுக்குப் பட்டறையில் இருந்தார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து ஆம்பளைகள் நிறையப் பேர் அப்படிப் போனார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை, மாசித் திருவிழாவுக்கு வருவார், வந்தால் இரண்டு மூன்று மாதம் இருப்பார். மீதி நாளெல்லாம் வீட்டில் அம்மாவும் நானும் ஒரு டிரான்சிஸ்டரும்தான். டிரான்சிஸ்டரும் பாட்டரி தீர்ந்துவிட்டால் வாயை மூடிக்கொள்ளும். ஆகவே அம்மாவுக்குப் பேச்சுத் துணை என்று இருந்தது அத்தை ஒருத்திதான்.

இரண்டு கொல்லைக்கும் நடுவில் கிளுவை வேலி. வெட்டிய குச்சியை ஊன்றினால் அதுவே வேர் பிடித்துத் தழைக்கிற முள்வேலி. அதில் ஓரிடத்தில் ஆள் நுழைகிற மாதிரி ஒரு சந்து உண்டு. அதைக் கடவு என்போம். எங்கள் வீட்டுப் பொரியல், கூட்டு என்று எந்த வெஞ்சனமும் அந்தக் கடவு வழியாகத்தான் அந்தப் பக்கம் போகும், அவர்கள் வீட்டுக் கருவாட்டுக் குழம்பு இந்தப் பக்கம் வரும். சாயங்காலம் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து ஒரே முறத்தில் அவரைக்காய் நார் உரிப்பார்கள். என்னதான் பேசுவார்களோ, சிரிப்பு மட்டும் வரும். அம்மா அப்படிச் சிரித்து அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை.

முந்தின ஐப்பசியில்தான் அத்தை வீட்டுக்குப் பின்னால் முச்சந்தியில் ஒரு டீக்கடை வந்தது. கடைக்கு முன்னால் நீளமாக ஒரு பெஞ்சு. அதில் உட்கார்ந்தால் அத்தை வீட்டுக் கொல்லை முழுக்கத் தெரியும். அதுவரை அத்தை கிணற்றடியில் நாலு ஓலைத் தட்டி வைத்துக் குளித்துக்கொண்டிருந்தார். பெஞ்சு வந்த பிறகு தட்டிக்கு மேலே தலை தெரிந்தது, குனிந்தால் காற்றில் தட்டி ஆடியது. விடிவதற்கு முன்னால் குளிக்க ஆரம்பித்தார். மழைக்கால விடியலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் ஒரு வாரம் இருமல்.

ஒருநாள் அம்மா அவரைக் கூட்டிக்கொண்டு போய் எங்கள் மாட்டுக் கொட்டகையின் பின்பக்கத்தைக் காட்டினார். கொட்டகைச் சுவரும் பழைய குட்டிச்சுவர் ஒன்றும் அங்கே மூலையாகச் சேரும். இரண்டு பக்கம் ஏற்கனவே மறைவு, எந்தப் பெஞ்சிலிருந்தும் தெரியாது. ஆனால் அது எங்கள் இடம்.

"வேலிய இங்கன கொஞ்சம் வளைச்சு நட்டா போச்சு. ஒரு கட்டில் போடுற எடம்தான மதினி" என்றார் அம்மா.

"அண்ணனுக்குத் தெரிஞ்சா?"

"அவரு பாக்குறப்ப பாத்துக்கலாம். நீங்க மொத எடுங்க கடப்பாரைய."

அன்று மத்தியானமே இரண்டு பேரும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பழைய கிளுவையை வெட்டி, புதுக் குச்சிகளை வளைவாக ஊன்றினார்கள். நான் குச்சி எடுத்துக் கொடுத்தேன். கிளுவையை வெட்டினால் ஒரு பச்சை வாசம் வரும், கையெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டும். அத்தை அந்த மூலையில் ஒரு துவைகல்லைப் போட்டு, மீதி இரண்டு பக்கமும் தட்டி கட்டிக்கொண்டார். மறுநாள் வெயில் ஏறின பிறகு நிதானமாக, பாட்டுப் பாடிக்கொண்டே குளித்தார். மாதா பாட்டு. இந்தப் பக்கம் சாணி அள்ளிக்கொண்டிருந்த அம்மா, "சோப்பு கரைஞ்சு போச்சு மதினி, வெளிய வாங்க" என்று கேலி செய்தார். கட்டிலில் கிடந்த தாத்தா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாசியில் அப்பா வந்தார். அப்பா மேல் எப்போதும் எண்ணெய் வாசம் இருக்கும். முன்கை இரண்டிலும் எண்ணெய் தெறித்த தழும்புகள். தகரப் பெட்டியைத் திறந்தால் பால்பேடா, எனக்கு ஒரு கண்ணாடி வளையல் டப்பா, அம்மாவுக்குப் பளபளவென்று ஒரு சேலை. முதல் நாள் முழுக்கத் தூங்குவார். இரண்டாம் நாள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தன் இடத்தைச் சுற்றி வருவார். வாடகை வீட்டில் வளர்ந்தவர் அவர். அந்த மண் அவருக்கு அப்படி ஒரு இது.

அன்றைக்குச் சுற்றிவிட்டு நேராக அடுப்படிக்கு வந்தார். அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தார்.

"வேலிய யாரு தள்ளி நட்டது?"

அம்மா வடிதட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிமிராமல் சொன்னார். "எனக்கென்ன தெரியும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இப்போது யோசித்தால் அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அப்பா அம்மாவிடம் கை நீட்டுகிற ஆள் இல்லை, வாய் நீட்டுகிற ஆளும் இல்லை. கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். அதற்கு முந்தின வருஷம் எங்கள் பித்தளை அண்டாவை அம்மா ஒரு கல்யாணத்துக்கு இரவல் கொடுத்து, அது நசுங்கி வந்தது. கேட்காமல் கொடுத்துவிட்டாள் என்று அப்பா லீவு முடிகிறவரை ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமலேயே ரயிலேறினார். அடுத்த மாசி வரைக்கும் அம்மா அந்தப் பேசாத முகத்தையே நினைத்துக்கொண்டு இருந்தார். கடிதம் வரும், அதிலும் எனக்குத்தான் விசாரிப்பு இருக்கும். இன்னொரு வருஷம் அப்படிப் போய்விடக் கூடாது என்று அம்மா பயந்திருக்க வேண்டும்.

அப்பா மாமாவிடம் போய்க் கேட்டார். ஷிப்ட் முடிந்து வந்து பல் விளக்கிக்கொண்டிருந்த மாமா சிரித்தபடிதான் சொன்னார்.

"உங்க வீட்டுல சொல்லித்தான் மச்சான் நட்டுச்சு. பொம்பளைங்க பேசிக்கிட்டாங்க."

"எங்க வீட்டுல தெரியாதுங்குறாளே."

மாமாவின் சிரிப்பு நின்றது. அப்புறம் இரண்டு பேரும் பேசியது தெரு முழுக்கக் கேட்டது. ஆள் இல்லாத வீடு என்று ஏய்த்துவிட்டீர்கள் என்று அப்பா சொன்னார். உன் ஒரு கட்டில் இடத்தை வைத்து நான் மாளிகையா கட்டப் போகிறேன் என்று மாமா சொன்னார். இரண்டு பேருக்குமே நியாயம் இருந்தது, அதுதான் கொடுமை.

டவுனிலிருந்து சர்வேயர் வந்தார். சங்கிலியைத் தரையில் போட்டு இழுத்துக்கொண்டு போனார்கள். குப்பைக்குழி ஓரத்தில் தோண்டியபோது அம்புக்குறி போட்ட எல்லைக் கல் அகப்பட்டது. கல்லிலிருந்து கல்லுக்குக் கயிறு கட்டினால் அத்தையின் துவைகல் கயிற்றுக்கு இந்தப் பக்கம், எங்கள் பக்கம் கிடந்தது. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. வேலியைப் பழையபடி நேராக்கிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுச் சர்வேயர் டீ குடிக்கப் போனார். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது.

அப்பா விடவில்லை. "எடம் கெடச்சா போதுமா? தள்ளி நட்டது யாருன்னு தெரியணும். நாளைக்கு நான் அங்க போயிருவேன். திரும்ப நட மாட்டாங்கன்னு என்ன நிச்சயம்?"

தெருவில் நாலு காரியத்துக்கு நடுவராக நிற்கிற பெரியவர் ஒருவர் இருந்தார். அவர் டீக்கடை பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டார். இன்னும் ஆறேழு ஆம்பளைகள் கூடிவிட்டார்கள். எந்தப் பெஞ்சுக்குப் பயந்து வேலி வளைந்ததோ அதே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அம்மாவைக் கூப்பிட்டார்கள். அத்தையும் வந்து தள்ளி நின்றார்.

"ஏம்மா, நீயா குடுத்த? பயப்படாமச் சொல்லு" என்றார் பெரியவர்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஆமாம் என்று சொன்னால் எதற்கு என்ற கேள்வி வரும். பக்கத்து வீட்டுப் பொம்பளை குளிக்கிறதை நீங்கள் எல்லாம் இந்தப் பெஞ்சிலிருந்து பார்த்தீர்கள், அதற்காகக் கொடுத்தேன் என்று அந்த ஆம்பளைகள் முன்னால் சொல்ல வேண்டும். அத்தையை அப்படிச் சபையில் வைத்துப் பேச முடியாது. அதோடு அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.

"எனக்குத் தெரியாதுங்க."

மாமாவின் முகம் கறுத்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, கோழிக்குத் தவிடு வைத்தாயா என்று கேட்கிற மாதிரி.

"நான்தாங்க தள்ளி நட்டேன். மதினிக்குத் தெரியாது. எங்க வீட்டுக்காரருகிட்டயும் நான் பொய்தான் சொன்னேன்."

பெஞ்சில் ஒருத்தன் உச்சுக்கொட்டினான். பெரியவர் அத்தைக்கு இரண்டு புத்திமதி சொன்னார். மாமா அத்தையைப் பார்க்காமல் வீட்டுக்குள் போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு, சாப்பிடாமல் மில்லுக்குக் கிளம்பிவிட்டார். அத்தை எங்களைக் கடந்துதான் போனார். அம்மாவை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் அத்தை என்று கூப்பிட்டேன். என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

அப்பா கிளுவையை அடியோடு வெட்டி எறிந்தார். கல்தூண் நட்டு முள்கம்பி இழுத்தார். கடவு போயிற்று. வேலை முடிந்த அன்று திருப்தியாகக் கைகழுவிக்கொண்டு அம்மாவிடம் வந்து, ரொம்பப் பிரியமாகச் சொன்னார். "இனி ஒன்ன யாரும் ஏமாத்த முடியாது. நிம்மதியா இரு." அம்மா சரி என்றார். அந்த மனுஷன் நல்லதென்று நினைத்துத்தான் செய்தார். வேறு விதமாக இருந்திருந்தால் அவரை வெறுத்துவிட்டாவது போயிருக்கலாம்.

கிளுவை இருந்தவரை ஒருத்தர் முகம் ஒருத்தருக்குப் பாதிதான் தெரியும், ஆனால் பேச்சு நிற்காது. கம்பி போட்டதும் முழு ஆளும் தெரிந்தார்கள், பேச்சு இல்லை. அத்தை கம்பியில் சேலை காயப்போட வருவார், அம்மாவைக் கண்டால் பாதியில் திரும்பிவிடுவார். பள்ளிக்கூட லீவு விட்டிருந்தது. எனக்கு விளையாட ஆள் இல்லை. வளையல் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்க் கம்பி ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருப்பேன். தாத்தா அந்தப் பக்கம் கட்டிலில் கிடந்தபடி என்னைப் பார்ப்பார். நாங்கள் இரண்டு பேரும்தான் அந்தக் கோடையில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு இருந்தோம். அம்மா பழக்கதோஷத்தில் வெஞ்சனத்தைக் கூடுதலாக வைத்துவிடுவார். ராத்திரிக்கும் அதையே சாப்பிடுவோம். விடிகிறதற்கு முன்னால் அத்தை வீட்டுக் கிணற்றடியில் வாளி இறங்குகிற சத்தம் கேட்கும். பக்கத்தில் அம்மா புரண்டு படுப்பார்.

அப்பா ஊருக்குப் போக இரண்டு மூன்று நாள் இருக்கும்போது தாத்தா செத்துப்போனார். பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூடச் சாவுக்குப் போய்த்தான் ஆக வேண்டும், எங்கள் பக்கத்தில் அது கட்டாயம். அப்பா ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு போய் வாசல் பந்தலில் ஆம்பளைகளோடு உட்கார்ந்தார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

தாத்தாவை நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் சிலுவையில் இயேசு தொங்குகிற பாடுபட்ட சுரூபமும் மெழுகுவர்த்தியும். அத்தை காலடியில் உட்கார்ந்திருந்தார். சாவு வீட்டில் வந்தவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும். அத்தை கையை நீட்டினார். அம்மா போய் விழுந்தார். நான் அம்மாவின் இடுப்போடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் வெறும் அழுகைதான். அப்புறம் அம்மா ராகம் எடுத்தார்.

கட்டில்ல கெடந்தபடி
கண்ணால பாத்த ஐயா
நட்டவ யாருன்னு சொல்ல
நாக்கில்லாமப் போனீங்களே

மனசாரக் குடுத்த எடம்
மறைப்புக்குக் குடுத்த எடம்
கேட்ட எடத்துல நான்
வாய் செத்து நின்னேனே

களவாணிப் பேரெடுத்து
என்னக் காத்த மகராசி

அம்மா வாய்விட்டுச் சொல்கிறார், எல்லார் முன்னாலும் சொல்கிறார். சுற்றி இருந்த பொம்பளைகளில் இரண்டு பேர் அழுகையை நிறுத்திவிட்டு ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். நான் வாசலைப் பார்த்தேன். அப்பாவின் முதுகு தெரிந்தது. குழி வெட்டப் போன ஆட்கள் திரும்பிவிட்டார்களா என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார். பொம்பளைகள் அழுகிறார்கள், அவ்வளவுதான் அவருக்கு. அம்மா இன்னும் குரலை உயர்த்தப் போனார். அத்தை அம்மாவின் தலையை இழுத்துத் தன் தோளில் அழுத்திக்கொண்டார். அழுகிற மாதிரியே, காதோடு சொன்னார்.

"மெல்ல மதினி. அண்ணன் வெளிய உக்காந்திருக்காரு."

அம்மாவின் பாட்டு அங்கேயே நின்றது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் சத்தமில்லாமல் நெடுநேரம் ஆடிக்கொண்டே இருந்தார்கள்.

புதைத்துவிட்டு வந்து அப்பா கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். அம்மா துண்டை நீட்டினார்.

"ஏம்மா, அந்தக் கெழவனுக்கா இம்புட்டு அழுத?"

"ஆமா."

"நல்லதுதான் போ. அவுங்களும் மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டாங்க" என்று சொல்லித் தலையைத் துவட்டினார். ஊருக்குக் கிளம்பும்போது சந்தோஷமாகவே கிளம்பினார். பஸ் ஏறுகிறவரை அம்மாவிடம் பேசிக்கொண்டே போனார்.

அவர் போன பிறகு கம்பிக்கு இரண்டு பக்கமும் பேச்சு வந்துவிடும் என்று நான் காத்திருந்தேன். மாமா அதற்கு இடம் வைக்கவில்லை. மூக்கறுபட்ட தெருவில் இருக்க அவருக்கு மனசில்லை, பெற்றவருக்காகத்தான் அதுவரை அங்கே இருந்திருக்கிறார். தாத்தாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் டவுனில் மில்லுக்குப் பக்கத்தில், வரிசையாக ஓட்டு வீடுகள் உள்ள ஒரு காம்பவுண்டில் குடி பார்த்துவிட்டார். ஒரு மத்தியானம் டிராக்டர் வந்தது. பீரோ, கட்டில், அடுப்பு, கோழிக்கூடு எல்லாம் ஏற்றினார்கள். அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமா பக்கத்திலேயே நின்றதால் அத்தை எதுவும் சொல்லவில்லை. டிராக்டரில் ஏறி உட்கார்ந்து, முக்காட்டைச் சரிசெய்து, எங்கள் பக்கம் ஒரு தடவை பார்த்தார். டிராக்டர் புளிய மரத்தைத் தாண்டுகிற வரை நாங்கள் அங்கேயே நின்றோம்.

அன்றைக்கு அம்மா விளக்கு ஏற்றவே மறந்துவிட்டார். இருட்டில் நிலைப்படியில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பெரிய ஆளிடம் கேட்கிற மாதிரி என்னிடம் கேட்டார்.

"அத்தன பேரு குடியிருக்குற காம்பவுண்டாமே. அங்க அவ குளிக்க மறைப்பா எடம் இருக்குமா?"

எனக்கு என்ன தெரியும். இருக்கும்மா என்று சொன்னேன்.